திருப்பூருக்குப் போன டைலர் விருதுநகருக்குத் திரும்புவாரா?

கேள்வி இதுதான்: "விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் மத்திய அரசுத் திட்டமான பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. எங்கள் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போன அனுபவசாலிகள் இதற்காகத் திரும்பி வருவார்களா? வெளியூர், வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் நிற்பார்களா? அதற்கு மாவட்டம் என்ன செய்ய வேண்டும்?"

வருவார்கள். கூலி ஓரளவு சரியாக இருந்தாலே ஆள் வந்துவிடும். நிற்பதுதான் கஷ்டம். வந்தவர் நிற்க வேண்டுமானால் அவருடைய குடும்பமும் அந்த ஊரில் குடியிருக்க முடிய வேண்டும். மெஷினில் உட்கார்ந்த பிறகு ஏறிப் போக அவருக்கு அடுத்த படி ஒன்று தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆள் கிளம்பிவிடுவார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முதலில் உற்பத்தியிலும் பிறகு ஆள் எடுக்கும் வேலையிலும் பல வருடங்கள் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில், ஒரு டைலர் போனால் கூடவே என்ன போகிறது என்பதைப் பார்த்துவிடலாம். சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குப் போடும் ரிப் பட்டி, கழுத்து வட்டத்தைவிடச் சுற்றளவில் சின்னதாக இருக்கும். அதை இழுத்துக் கொடுத்துக்கொண்டே ஓவர்லாக்கில் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) ஏற்ற வேண்டும். ஒரு இடத்தில் கூடுதலாக இழுத்து இன்னொரு இடத்தில் விட்டுவிட்டால் கழுத்து அலையலையாக நிற்கும். மார்க் வைத்துக் கொடுத்தாலும் இடையில் எவ்வளவு இழுப்பது என்பதை விரல்தான் முடிவு செய்யும். துணி மாறினால் இழுப்பும் மாறும். ஈரமான நாளில் துணி ஒரு மாதிரி போகும், வெயில் நாளில் வேறு மாதிரி போகும். இதை வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. உள்ளே வரும் பிள்ளை கைமடியாக ஆரம்பிக்கும். தைத்த பீஸை எடுத்து அடுக்கி அடுத்த மெஷினுக்குக் கொடுக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கும் மெஷினில் வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பழகும். யாராவது ஒரு அக்கா பக்கத்தில் நின்று கையைத் திருத்துவார். இப்படித்தான் டைலர் உருவாகிறார்.

அப்படி உருவான ஒருவர் காலையில் வரவில்லை என்றால், அவருக்கு முந்தின மெஷினில் பீஸ் மலையாகக் குவியும், அவருக்கு அடுத்தவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பேட்லாக் மெஷினில் கீழ் மடிப்பு அடிப்பவர் ஒருவர் இல்லாததால் அந்த லைனே (வரிசையாகப் போட்ட மெஷின்கள்) மதியம் வரை தவித்த நாட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பல் தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், அந்த ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் 'ஆள் போனால் இன்னொரு ஆள்' என்று கணக்குப் போடுகிற முதலாளி பணத்தை எங்கே இழக்கிறோம் என்று தெரியாமலே இழந்துகொண்டிருக்கிறார்.

சரி, இவ்வளவு பேரைத் திருப்பூர் எப்படிச் சேர்த்தது? 1970களின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் வேகம் பிடித்தது. சுற்றுப்புறத்தையும் சேர்த்து 1991ல் சுமார் 3 லட்சம் பேர் இருந்த ஊர், 2011 கணக்கெடுப்பில் 9.6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதலில் பக்கத்துக் கிராமங்களின் விவசாயக் குடும்பங்கள் வந்தன. அப்புறம் மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலி, உங்கள் விருதுநகர் என்று தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 2000களின் பிற்பாதியிலிருந்து ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள்.

முதலில் வந்தவர்கள் நின்றதற்கும் இப்போது வருகிறவர்கள் நிற்காததற்கும் காரணம் அவர்கள் குணத்தில் இல்லை. ஊர் அவர்களுக்கு வைத்திருந்த வாய்ப்பில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கைமடியாக நுழைந்தவர் டைலர் ஆவார், டைலர் காண்ட்ராக்ட் எடுப்பார், பிறகு ஒரு ஷெட்டைப் பிடித்து நாலைந்து பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மேஜை) போட்டு ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) வாங்குவார். கொஞ்சம் கைதூக்கி விட ஆள் இருந்தால் சொந்தமாகவே ஒரு பனியன் கம்பெனி. இன்று திருப்பூரில் பெரிய பெயராக இருப்பவர்களில் பலர் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள், கட்டிங் டேபிளில் நின்றவர்கள். 'இன்றைக்கு நான் தைக்கிறேன், நாளைக்கு நான் தைக்கக் கொடுப்பேன்' என்ற நம்பிக்கைதான் அவர்களை அந்த ஊரில் கட்டிப் போட்டது. அப்போதும் கூலி ஒன்றும் வாரிக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

அந்த வழி இன்று குறுகிவிட்டது. துணி வாங்கும் பெரிய வெளிநாட்டு பையர்கள் தணிக்கை, சான்றிதழ் என்று கேட்கிறார்கள். மெஷின் விலை ஏறிவிட்டது. சாயப் பட்டறைகளை எடுத்துக்கொண்டால், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மொத்தமாக மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் தொழில் நடத்தலாம் என்றாகிவிட்டது. ஆற்றுக்கு அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சின்ன ஆள் உள்ளே நுழைவது கடினமானது. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கோ இன்னும் கஷ்டம். உள்ளூரில் ஜாமீன் நிற்க ஆள் இல்லை, ஷெட் வாடகைக்குத் தரமாட்டார்கள், வங்கியில் கேட்கிற காகிதம் எல்லாம் ஊரில் கிடக்கிறது. நன்றாகத் தைக்கும் பையனுக்கு லைன் சூப்பர்வைசர் பதவி கொடுக்கலாம் என்றால், 'தமிழ் சரியாக வராது, இவன் சொன்னால் யார் கேட்பார்கள்' என்று தயங்குகிறார்கள். அவன் வேலையில் சேர்ந்த அன்று உட்கார்ந்த அதே ஸ்டூலில்தான் எத்தனை வருடம் ஆனாலும் உட்கார்ந்திருப்பான் என்று அவனுக்கே தெரிந்துவிட்டால், ஊருக்குப் போக ஒரு சாக்கு கிடைத்ததும் போய்விடுவான்.

கூலி முறையும் இதற்குத் துணை போகிறது. பீஸ் ரேட்டில் முதல் வருட டைலருக்கும் பத்தாம் வருட டைலருக்கும் ஒரு பீஸுக்கு ஒரே காசு. கையில் வேகம் இருந்தால் கூடுதல் கிடைக்கும், அவ்வளவுதான். ஷிப்ட் கூலியிலும் வேலைப் பிரிவைப் பார்த்துத்தான் ரேட்; எத்தனை வருடம் அந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை. இப்படி இருக்கும்போது பக்கத்துக் கம்பெனியில் பீஸுக்கு இருபது பைசா கூடுதல் என்றால் அவர் ஏன் போகக்கூடாது? இங்கேயே இருந்ததற்கு என்ன கிடைத்தது? 'வடக்கத்திக்காரர்களுக்கு விசுவாசம் இல்லை' என்று முதலாளிகள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இதே வார்த்தையை முன்பு தெற்கிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் பொதுவாக 5 வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணம் கிடைக்க வழி செய்தது. ஆனால் காண்ட்ராக்ட் மாறி மாறிப் பெயர் ஏறும் ஒருவருக்கு அந்த 5 வருடம் எங்கேயும் சேராது.

அப்புறம் நேரம். திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது சாதாரணப் பேச்சு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. தனியாக வந்த இளைஞனுக்கு அது பிடிக்கும். கூடுதல் காசு, செலவு செய்ய நேரமும் இல்லை. கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் அதே ஒன்றரை ஷிப்ட் அவனை ஊரைவிட்டுத் துரத்தும். கணவன், மனைவி இருவருமே கம்பெனிக்குப் போகும் குடும்பத்தில் குழந்தையை யார் பார்ப்பது? மாமியாரை ஊரிலிருந்து கூட்டிவர வேண்டும். கூட்டிவந்தால் எங்கே தங்க வைப்பது?

இங்கேதான் வீட்டு விஷயம் வருகிறது. எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். திருப்பூரில் தொழிலாளர் குடியிருப்பது பெரும்பாலும் லைன் வீடுகளில். ஒரே ஓட்டுக்கு அல்லது ஷீட்டுக்குக் கீழே வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறை. காலை ஏழு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். பக்கெட்டோடு வரிசை நிற்கும், கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், ஒரு பெண் ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு குழந்தைக்கு இட்லி ஊட்டியபடியே செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். தண்ணீர் லாரி வராத வாரத்தில் லீவு எடுப்பவர்கள் அதிகம். இதையெல்லாம் எந்த வருகைப் பதிவேட்டிலும் காரணமாக எழுதமாட்டார்கள். 'சொந்த வேலை' என்று ஒரு வரி இருக்கும்.

விடுதி கட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விடுதி தேவைதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததும், நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலையே சில வாரங்கள் நின்றது. 2024 ஆகஸ்டில் அதே பக்கத்தில் வல்லம் வடகாலில் தமிழக அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் திறந்தது. தொழிலாளி எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பது உற்பத்தியோடு சேர்ந்த விஷயம் என்று அரசு பணம் போட்டு ஒப்புக்கொண்டது நல்ல காரியம். ஆனால் விடுதிப் படுக்கை, கல்யாணமாகாத பிள்ளையைத்தான் வரவைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அவர் வேலையில் கை தேறும் நேரம் கல்யாணம் வரும், படுக்கையைக் காலி செய்துவிட்டுப் போவார். கற்றுக்கொடுத்த செலவு கம்பெனிக்கு, கற்ற கை வீட்டுக்கு. நூற்பு மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததும் இதுதான், இன்னும் மோசமாக. மூன்று வருடம் முடிந்தால் மொத்தப் பணம் என்று சொல்லி, வெளியே போக விடாமல் பெண் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். அப்படிப் பூட்டி வைத்து நிறுத்தியதற்குப் பிறகு அந்தக் கிராமங்களில் மில் வேலை என்றாலே தாய்மார்கள் பயந்தார்கள். அந்தப் பெயர் போக வெகுகாலம் ஆகும்.

குடும்பம் தங்கும் வீடு, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம், கம்பெனியிலோ பக்கத்திலோ குழந்தைகள் காப்பகம் இருந்தால் அதே பெண் பதினைந்து வருடம் வேலை செய்வார். பெண் தொழிலாளர் 30 பேருக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. பல கம்பெனிகளில் அந்த அறை உண்டு. சுவரில் பொம்மைப் படம், தொட்டில், தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்க்க ஒரு ரிஜிஸ்டர். குழந்தைகள்தான் இருக்காது. ஏனென்றால் குழந்தையைக் கம்பெனி வேனில் ஏற்ற விடமாட்டார்கள், பால் கொடுக்கப் போனால் லைன் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். உண்மையாகவே நடத்தப்படும் காப்பகம் உள்ள இடங்களில் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் மெஷினில் அதிகம் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

மருத்துவமனையும் அப்படித்தான். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பணம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். படுக்கை வசதியுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு கோவை சிங்காநல்லூருக்கு ஓட வேண்டியிருந்தது. திருப்பூரில் 100 படுக்கை மருத்துவமனை 2024 பிப்ரவரியில்தான் திறந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே தனியார் கிளினிக்கில் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டது.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்), பேட்டர்ன் மாஸ்டர் (வெட்டுவதற்கான அளவு வடிவம் போடுபவர்), சாயத்துறை டெக்னீஷியன் போன்றவர்களில் பலர் திருப்பூரில் வேலை, கோவையில் வீடு என்று இருக்கிறார்கள். தினமும் போக 50 கிலோமீட்டர், வர 50 கிலோமீட்டர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை, மாலையில் நடக்க ஒரு இடம் எல்லாம் அங்கே. கோவையிலேயே நல்ல வேலை கிடைத்த அன்று திருப்பூருக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது விருதுநகருக்கு வருகிறேன். உங்கள் பூங்கா 1,052 ஏக்கர். கம்பெனிகள் எவை, மானியம் எவ்வளவு என்ற பேச்சுத்தான் அதிகம் காதில் விழுகிறது. உங்களிடம் இருக்கும் ஒரு பெரிய பலத்தை யாரும் சொல்வதில்லை. திருப்பூரில் இருக்கும் தெற்குக் குடும்பங்களில் கணிசமானவர்களுக்கு ஊரில் ஒரு வீடு உண்டு, வயதான பெற்றோர் உண்டு, கோயில் கொடை உண்டு. வாடகையும் தண்ணீர்க் காசும் மிச்சமாகும் என்றால், கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் திரும்பி வரக் கணக்குப் போடுவார்கள். ஆனால் யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் கவனம் வேண்டும். சாதாரண டைலரை மட்டும் இழுத்தால் போதாது. லைனை ஓட்டத் தெரிந்த சூப்பர்வைசர், மெஷின் மெக்கானிக், கட்டிங் மாஸ்டர், சாம்பிள் டைலர் ஆகியோரைக் குடும்பத்தோடு கொண்டுவாருங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஐம்பது பேருக்குக் கற்றுக் கொடுப்பார்கள். உங்கள் மாவட்டமே இதற்கு முன்னோடி. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து குவிக்கவில்லை. ஊர் ஆள் போய்க் கற்றுவந்து ஊரில் பரப்பினார்கள். அதிலிருந்து பட்டாசும், லேபிள் அச்சிடப் போய் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. திருப்பூரில் இருபது வருடம் தைத்த உங்கள் ஊர்க்காரர் இன்றைக்கு அந்த இடத்தில் இருக்கிறார்.

அவருக்கு என்ன கொடுக்கலாம்? பூங்காவுக்குள் சின்ன ஷெட்டுகள். முப்பது நாற்பது மெஷின் போடும் அளவில், கழிவுநீர், மின்சாரம், தணிக்கைக் காகிதம் எல்லாம் பூங்கா நிர்வாகமே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில், வாடகைக்கு. பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யட்டும். திருப்பூரில் குறுகிப்போன அந்தப் படியை இங்கே போட்டுவைத்தால், திரும்பி வருவதற்குக் கூலியைவிடப் பெரிய காரணம் அதுவாக இருக்கும். பூங்கா முழுவதையும் பத்துப் பெரிய கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்த வாய்ப்புப் போய்விடும்.

வெளிமாநிலத்தவர் எப்படியும் வருவார்கள், வரட்டும். அவர்களுக்கு முதல் நாளே அவர்கள் மொழியில் எழுதிய சம்பளச் சீட்டு, ஊருக்குப் போய்வர வருடத்துக்கு ஒரு நீண்ட விடுப்பு, திரும்பி வந்தால் அதே மெஷின், அதே ரேட் என்ற உறுதி, இவை இருந்தாலே பாதிப் பேர் திரும்புவார்கள். 2020 மே மாதம் சிறப்பு ரயில்களில் ஏறிப்போனவர்களில், பொதுமுடக்கத்தின்போது அரிசியும் வாடகையும் கொடுத்த கம்பெனிகளின் ஆட்கள் முதலில் வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோதும் அப்படித்தான். பழகிய சூப்பர்வைசர் விடுதிக்கே போய் உட்கார்ந்து பேசிய இடங்களில் பெட்டி கட்டியவர்கள் குறைவு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் நின்றபோது முதலில் யாரை வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்பதை எல்லாத் தொழிலாளர்களும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். திருப்பூரில் தொழிலுக்குத் தண்ணீர் போதாமல் போனபோது அரசும் தொழில்துறையும் சேர்ந்து தனி நிறுவனம் வைத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். சாயக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சேர்ந்து கட்டினார்கள். துணிக்குத் தண்ணீர் வேண்டும் என்றதும் சேர முடிந்தவர்களால், துணி தைப்பவர் குடியிருக்க வீடு வேண்டும் என்றபோது அப்படிச் சேர முடியவில்லை. விருதுநகரில் இன்னும் நிலம் ஒதுக்கும் கட்டத்தில் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை மெஷின் போடுகிறதோ அந்தக் கணக்கில் குடும்ப வீட்டு நிதிக்குப் பங்கு கட்ட வேண்டும், வீடுகளைப் பூங்கா நிர்வாகம் கட்டி வாடகைக்கு விட வேண்டும், வாடகை ஒப்பந்தம் கம்பெனியின் பெயரில் இல்லாமல் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். கம்பெனி வீடு என்றால் வேலையை விட்ட அன்றே வீட்டையும் விட வேண்டிவரும், மாவட்டமே ஒரு நல்ல டைலரை இழக்கும். வீடு அவர் பெயரில் இருந்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போவாரே தவிர, திருப்பூருக்கு பஸ் ஏறமாட்டார்.